ஓப்பன்ஓசிடி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் மடிக்கணினியையும் ஒரு சின்னப் போர்டையும் எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டம் செய்யும் பிள்ளைகள், துவாஸில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே, சில்லுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் படிக்கும் தம்பிகள், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. எல்லாம் ஓப்பன்ஓசிடி பற்றித்தான்: கணினியிலிருந்து சில்லுக்குள் நிரலை ஏற்றவும், அங்கே பிழை தேடவும் உதவும் மென்பொருள் அது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் 'ப்ளூ பில்' எனப்படும், எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32எஃப்103 சில்லு வைத்த போர்டை வைத்தே விளக்கியிருக்கிறேன். எல்லாரும் கொண்டுவருவது அதைத்தான்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ் எண்கள், முன்னால் வழக்கமான சுழியம்-எக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ஜிடிபி இருக்கும்போது ஓப்பன்ஓசிடி வேற எதுக்கு?

ஜிடிபி என்பது நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் கருவி. அதற்கு உங்கள் சி நிரல் தெரியும், மாறிகளின் பெயர் தெரியும், எந்த வரி எந்த முகவரியில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் கணினிக்கும் போர்டுக்கும் நடுவே யுஎஸ்பியில் செருகிய டாங்கிளோடு எப்படிப் பேசுவது, சில்லுக்குள் பிழை தேட வைத்திருக்கும் டீபக் பகுதியை எப்படித் தட்டி எழுப்புவது, நிரல் தங்கும் நினைவகமான ஃபிளாஷை எப்படி அழித்து எழுதுவது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்யும் இடையாள்தான் ஓப்பன்ஓசிடி. 2005-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவர் பட்டப்படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. இன்று ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் உட்படப் பல சில்லுகளுக்கு ஓடுகிறது.

ஒன்றை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டளை சில்லைத் தொடுவதற்குள் ஐந்து படி இறங்குகிறது: யுஎஸ்பி, டாங்கிள், கம்பி, சில்லின் டீபக் வாசல், அப்புறம் நிரலை ஓட்டும் கோர். ஃபிளாஷ் அதற்கும் கீழே. பிழை வந்தால் 'எந்தப் படியில் நின்றது?' என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கீழே பல பதில்களில் இந்தப் படிகளுக்கே திரும்பி வருவேன்.

என்னென்ன வாங்கணும்? சிம் லிம்ல கிடைக்குமா?

ஒரு போர்டு, ஒரு டாங்கிள், நாலைந்து ஜம்பர் கம்பி, அவ்வளவுதான். டாங்கிளுக்கு எஸ்டி-லிங்க் வாங்கலாம். அல்லது ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சின்னப் போர்டு ஒன்றை வாங்கி, டீபக்புரோப் ஃபர்ம்வேரை ஏற்றினால் அதுவே சிஎம்சிஸ்-டேப் என்ற பொது நெறிமுறை பேசும் டாங்கிளாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டாங்கிள் வேலை முடிந்தால் பைக்கோ வேறு எதற்காவது உதவும், நகல் எஸ்டி-லிங்கோடு வரும் தலைவலியும் இல்லை.

கடைக்குப் போகிறவர்கள் சிம் லிம் ஸ்குவேரில் போய் நிற்காதீர்கள், அங்கே பெரும்பாலும் கணினியும் கைப்பேசியும்தான். உதிரிப்பாகங்களுக்கு அருகே ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர். முதல் முறை நானும் மாறிப்போனவள்தான்.

எத்தனை கம்பி மாட்டணும்? ஜேடேக், எஸ்டபிள்யூடி ரெண்டும் ஒண்ணா?

ஒன்றல்ல. ஜேடேக் 1990-இல் ஐட்ரிபிள்ஈ 1149.1 என்ற தரமாக வந்தது. போர்டில் பற்றவைப்பு சரியா என்று சோதிக்கப் பிறந்து, பிறகு டீபக் செய்யவும் பயன்பட்டது. அதற்கு டிசிகே, டிஎம்எஸ், டிடிஐ, டிடிஓ என நான்கு சமிக்ஞைக் கம்பிகள் வேண்டும். எஸ்டபிள்யூடி என்பது ஆர்ம் நிறுவனம் கொண்டுவந்த இரண்டு கம்பி வழி: ஒன்று தரவு, ஒன்று கடிகாரம். ஆர்மின் சிறிய கோர் வகையான கார்டெக்ஸ்-எம் வைத்த சில்லுகளுக்கு இதுவே போதும். ப்ளூ பில்லில் இருப்பது அதில் எம்3. ப்ளூ பில்லில் தரவு பிஏ13 காலில், கடிகாரம் பிஏ14 காலில்.

இந்த இரண்டோடு கிரவுண்ட் கட்டாயம். 'யுஎஸ்பி வழியா ரெண்டும் ஒரே லேப்டாப்லதானே இருக்கு, கிரவுண்ட் எதுக்கு' என்று விட்டுவிட்டுப் பாதி மாலையைத் தொலைத்தவர்கள் உண்டு. ரீசெட் கம்பியையும் முதல் நாளே மாட்டிவிடுங்கள். ஏன் என்பது 'நேத்து வரைக்கும் ஓடுச்சு' கேள்வியில் வரும்.

சிஎஃப்ஜி கோப்பு ஏன் ரெண்டு குடுக்குறோம்? ஒண்ணு போதாதா?

ஒன்று டாங்கிளைப் பற்றியது, மற்றது சில்லைப் பற்றியது. ஓப்பன்ஓசிடியோடு வரும் உள்ளமைவுக் கோப்புகள் மூன்று கோப்புறைகளில் இருக்கும்: இன்டர்ஃபேஸ், டார்கெட், போர்டு. நம் உதாரணத்துக்கு 'ஓப்பன்ஓசிடி -எஃப் இன்டர்ஃபேஸ்/எஸ்டிலிங்க்.சிஎஃப்ஜி -எஃப் டார்கெட்/எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ்.சிஎஃப்ஜி' என்று கொடுக்க வேண்டும். பைக்கோ டாங்கிள் என்றால் முதல் கோப்பு மட்டும் 'சிஎம்சிஸ்-டேப்' என்று மாறும், சில்லுக் கோப்பு அப்படியே இருக்கும். நியூக்ளியோ போன்ற தயார் போர்டுகளுக்குப் போர்டு கோப்புறையில் ஒரே கோப்பு இருக்கும், அது உள்ளே இரண்டையும் இழுத்துக்கொள்ளும்.

தினமும் இவ்வளவு தட்ட வேண்டியதில்லை. திட்டக் கோப்புறையில் 'ஓப்பன்ஓசிடி.சிஎஃப்ஜி' என்று ஒரு கோப்பு வைத்து, அதில் 'சோர்ஸ்' கட்டளையோடு 'ஃபைண்ட்' சேர்த்து இந்த இரண்டையும் அழைத்துவிடுங்கள். பிறகு அந்தக் கோப்புறையில் வெறுமனே ஓப்பன்ஓசிடி என்று தட்டினால் போதும். கூடவே வந்த கோப்புகளில் கை வைக்காதீர்கள். அடுத்த பதிப்பை நிறுவும்போது உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

'இந்தக் கட்டளையை இனிட்டுக்கு முன்னாடி கொடுக்கணும்'னு திட்டுதே?

ஓப்பன்ஓசிடிக்கு இரண்டு பருவம் உண்டு. முதலில் உள்ளமைவுப் பருவம்: எந்த டாங்கிள், எந்தச் சில்லு, எந்த இணைப்பு வாசல் (போர்ட்) எண் என்று சொல்லும் நேரம். 'இனிட்' நடந்ததும் ஓட்டப் பருவம் தொடங்கும். 'ரீசெட்', 'ஹால்ட்', ஃபிளாஷ் கட்டளைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களாக 'இனிட்' கொடுக்காவிட்டால் கோப்புகளையெல்லாம் படித்து முடித்த பின் அதுவே கொடுத்துக்கொள்ளும்.

கட்டளை வரியில் '-எஃப்', '-சி' இரண்டும் இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே நடக்கும். ஒரு மாறியை வைத்துச் சில்லுக் கோப்பின் போக்கை மாற்ற வேண்டுமானால், அந்த '-சி' சில்லுக் கோப்புக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் பிழைகூட வராது, ஆனால் ஒன்றும் மாறாது. அதுதான் மோசம்.

லினக்ஸ்ல சூடோ போட்டா மட்டும் ஓடுது, விண்டோஸ்ல 'ஓப்பன் ஃபெயில்ட்'னு வருது. என்ன பண்ண?

இரண்டுமே முதல் படி, அதாவது யுஎஸ்பி. சில்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். லினக்ஸில் சாதாரணப் பயனருக்கு அந்தச் சாதனத்தைத் திறக்க அனுமதி இல்லை, சூடோ நிர்வாகி அனுமதியைத் தருவதால்தான் ஓடுகிறது. ஓப்பன்ஓசிடியின் 'கான்ட்ரிப்' கோப்புறையில் '60-ஓப்பன்ஓசிடி.ரூல்ஸ்' என்ற கோப்பு இருக்கும். அதை, சாதன அனுமதிகளைக் கவனிக்கும் யூடெவ் விதிகள் கோப்புறையில் போட்டு, விதிகளை மறுபடி ஏற்றி, டாங்கிளைப் பிடுங்கிச் செருகுங்கள். சூடோவோடு வாழப் பழகிவிடாதீர்கள்.

விண்டோஸில் டிரைவர்தான் காரணம். எஸ்டி-லிங்குக்கு எஸ்டி நிறுவனத்தின் டிரைவரை நிறுவுங்கள். எஃப்டிடிஐ சில்லு வைத்த டாங்கிள்களுக்கு ஜாடிக் என்ற சிறு மென்பொருளால் வின்யுஎஸ்பி டிரைவரை மாட்ட வேண்டும். அதில் சாதனப் பட்டியல் வரும்போது நிதானமாகப் படியுங்கள். அவசரத்தில் விசைப்பலகைக்கு வின்யுஎஸ்பி மாட்டிவிட்டு, எழுத முடியாமல் திருதிருவென முழித்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

ஓட விட்டா ஏதோ வரியெல்லாம் வந்துட்டு அப்படியே நின்னுடுது. ஹேங் ஆயிடுச்சா?

இல்லை, அதுதான் வெற்றி. ஓப்பன்ஓசிடி ஒரு சேவையகம், யாராவது வந்து பேசக் காத்திருக்கிறது. 3333 என்ற போர்ட் எண்ணில் ஜிடிபி, 4444-இல் நீங்கள் கட்டளை தட்டும் டெல்நெட், 6666-இல் மற்ற நிரல்கள் பேசும் டிசிஎல். அந்தச் சாளரத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு சாளரத்தில் 'டெல்நெட் லோக்கல்ஹோஸ்ட் 4444' என்று நுழையுங்கள். டெல்நெட்டிலிருந்து மட்டும் வெளியேற 'எக்ஸிட்', சேவையகத்தையே நிறுத்த 'ஷட்டவுன்'.

'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று வந்தால் பழைய ஓப்பன்ஓசிடி ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் நிரல் எழுதும் விஎஸ் கோட் திறந்து வைத்ததாக இருக்கும்.

டெல்நெட்ல போயிட்டேன். இப்ப என்ன தட்டுறது?

முதலில் 'ஹால்ட்'. கோர் நின்றதும் ஒரு வரி வரும்: எதனால் நின்றது, எந்த நிலையில், நிரல் எண்ணி (அடுத்து ஓடவேண்டிய ஆணையின் முகவரி) எங்கே. அந்த வரியை அலட்சியமாகத் தாண்டுபவர்கள்தான் அதிகம். 'ஹேண்ட்லர் ஹார்ட்ஃபால்ட்', அதாவது கடும்பிழை, என்று இருந்தால் உங்கள் நிரல் எப்போதோ விழுந்துவிட்டது, 'எல்இடி ஏன் மினுக்கவில்லை' என்பதற்கு அங்கேயே பதில் இருக்கிறது. 'ரெஸ்யூம்' தொடர வைக்கும், 'ஸ்டெப்' ஒரே ஓர் இயந்திர ஆணை நகர்த்தும், 'ரெக்' கோருக்குள் இருக்கும் பதிவேடுகளைக் காட்டும்.

அடுத்தது நினைவகத்தைப் பார்ப்பது. 'எம்டிடபிள்யூ' 32 பிட், 'எம்டிஹெச்' 16, 'எம்டிபி' 8. எழுதுவதற்கு 'எம்டபிள்யூ' குடும்பம், அதே மூன்று அளவுகளில். எந்தப் போர்டு கைக்கு வந்தாலும் நான் முதலில் தட்டுவது 'எம்டிடபிள்யூ', 08000000 முகவரி, இரண்டு சொற்கள் (ஒரு சொல் 32 பிட்). ஃபிளாஷின் முதல் சொல் அடுக்குச் சுட்டியின் (ஸ்டாக் பாயின்டர்) தொடக்க மதிப்பு. 20 கேபி ரேம் உள்ள நம் சில்லில் பெரும்பாலும் 20005000 என்றிருக்கும், அதாவது ரேமின் கடைசி எல்லை. இரண்டாம் சொல் நிரல் தொடங்கும் முகவரி. அது ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும், கடைசி பிட், தம்ப் என்ற ஆணைத்தொகுப்பு நிலையைக் குறிக்கிறது. இரண்டு சொல்லும் முழுக்க எஃப் எழுத்தாக வந்தால் ஃபிளாஷ் காலி. இந்த ஒரு வரியில் கம்பி, டீபக் வாசல், ஃபிளாஷ் மூன்றையும் நாடி பார்த்தாயிற்று.

கார்டெக்ஸ்-எம் சில்லுகளில் நினைவகத்தைப் படிக்கக் கோரை நிறுத்த வேண்டியதில்லை. மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாறியை 'எம்டிடபிள்யூ' போட்டுப் பார்க்கலாம். பதிவேடுகளுக்கு மட்டும் நிறுத்தியாக வேண்டும். மோட்டாரையோ ஹீட்டரையோ இயக்கும் போர்டில் 'ஹால்ட்' தட்டுமுன் ஒருமுறை யோசியுங்கள். கோர் நிற்கும், அவற்றை இயக்கும் பிடபிள்யூஎம் துடிப்பு வெளியீடு கடைசி நிலையிலேயே தொடரலாம்.

ரீசெட், ரீசெட் ஹால்ட், ரீசெட் இனிட்: எதை எப்போ?

வெறும் 'ரீசெட்' என்றால் 'ரீசெட் ரன்', மறுதொடக்கம் செய்து ஓட விடும். 'ரீசெட் ஹால்ட்' முதல் ஆணைக்கு முன்பே நிறுத்திவிடும். 'ரீசெட் இனிட்' அப்படி நிறுத்திய பிறகு, உள்ளமைவுக் கோப்பில் எழுதியுள்ள தயாரிப்பு வேலைகளையும் செய்யும்: கடிகாரத்தைக் கூட்டுவது, வெளி ரேமை எழுப்புவது மாதிரி. ஃபிளாஷ் எழுதுமுன் 'ரீசெட் இனிட்', பிழை தேட 'ரீசெட் ஹால்ட்'. வேறு நுணுக்கம் ஒன்றும் இல்லை.

'புரோகிராம்'னு ஒண்ணு, 'ஃபிளாஷ் ரைட்_இமேஜ்'னு ஒண்ணு. எதைப் பயன்படுத்துறது?

'புரோகிராம்' என்பது பல கட்டளைகளைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம். '-சி' கொடுத்து 'புரோகிராம் பிளிங்க்.எல்ஃப் வெரிஃபை ரீசெட் எக்ஸிட்' என்று ஒரே வரியில் அழித்து, எழுதி, சரிபார்த்து, மறுதொடக்கம் செய்து வெளியேறும். அன்றாட வேலைக்கு இதுவே போதும். 'ஃபிளாஷ் ரைட்_இமேஜ் இரேஸ்' என்பது உள்ளே இருக்கும் தனிக் கட்டளை. டெல்நெட்டில் ஒவ்வொரு அடியாகப் பார்க்க வேண்டியபோது அது வசதி. அதற்கு முன் 'ரீசெட் இனிட்' நீங்களே கொடுக்க வேண்டும்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. நிரலைத் தொகுத்ததும் கிடைக்கும் எல்ஃப், ஹெக்ஸ் கோப்புகளுக்குள்ளேயே முகவரி இருக்கும், வெறும் பைனரியான '.பின்' கோப்பில் இருக்காது. '.பின்' கோப்பு என்றால் கடைசியில் 08000000 என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மற்றொன்று விண்டோஸ் பாதை. ஓப்பன்ஓசிடிக்குள் ஓடுவது ஜிம் டிசிஎல் என்ற மொழி, அது பின்சாய்கோட்டை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும். பாதையில் முன்சாய்கோடு போடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் நெளிவு அடைப்புக்குள் வையுங்கள்.

'எதிர்பாராத ஐடிகோடு'ன்னு வருது. சில்லு போச்சா?

போகவில்லை, நகல். எஸ்டிஎம்32எஃப்103-இன் எஸ்டபிள்யூடி அடையாள எண் 1-இல் தொடங்க வேண்டும், உங்களுடையது 2-இல் தொடங்கியிருக்கும், மற்ற இலக்கங்கள் அதேதான். இணையத்தில் மலிவாக வாங்கும் ப்ளூ பில்களில் இது சகஜம். சில்லுக் கோப்புக்கு முன்னால் '-சி' கொடுத்து 'செட் சிபியுடேப்ஐடி' என்று, பிழை வரியில் கண்ட எண்ணையே தந்துவிடுங்கள். 'முன்னால்' என்பது ஏன் முக்கியம் என்று இனிட் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

கற்றுக்கொள்ள நகல் போதும். இறுதியாண்டுத் திட்டத்துக்கு மதிப்பெண் வாங்கப் போகிறீர்கள் என்றால் அசலுக்குச் சில வெள்ளி கூடச் செலவழியுங்கள். தப்பு உங்கள் நிரலிலா சில்லிலா என்ற சந்தேகம் கடைசி வாரத்தில் வரக்கூடாது.

நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு 'சில்லோட இணைக்க முடியல'ன்னு சொல்லுது. ஒண்ணுமே மாத்தல!

மாற்றியிருப்பீர்கள்: நேற்று ராத்திரி கடைசியாக ஏற்றிய நிரல். எஸ்டபிள்யூடி கால்கள் தனிக்கால்கள் அல்ல. பிஏ13, பிஏ14 இரண்டையும் நிரல் சாதாரண உள்ளீடு வெளியீடாக மாற்றிக்கொள்ள முடியும். சில்லின் கால்களை அமைக்க உதவும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில், டீபக் பகுதியில் 'சீரியல் வயர்' தேர்ந்தெடுக்க மறந்தால் இதுதான் நடக்கும். முதல் தடவை நன்றாக ஏறும், நிரல் ஓடத் தொடங்கியதும் கதவு மூடிக்கொள்ளும், அடுத்த தடவை உள்ளே போக முடியாது. ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் நிரலும் இதே வேலையைச் செய்யும்.

தீர்வு, நிரல் ஓடத் தொடங்கும் முன்பே பிடிப்பது. ரீசெட் கம்பி மாட்டியிருந்தால் உள்ளமைவில் 'ரீசெட்_கான்ஃபிக் எஸ்ஆர்எஸ்டி_ஒன்லி எஸ்ஆர்எஸ்டி_நோகேட் கனெக்ட்_அசர்ட்_எஸ்ஆர்எஸ்டி' என்று ஒரு வரி சேருங்கள். ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இணைக்கும் என்பது அதன் பொருள். சில நகல் டாங்கிள்களில் ரீசெட் என்று அச்சிட்ட கால் எஸ்டபிள்யூடிக்கு வேலை செய்யாது. அப்போது பூட்0 ஜம்பரை 1 பக்கம் மாற்றி ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சில்லு உங்கள் நிரலை விட்டுவிட்டு, உள்ளே பதிந்த தொடக்க நிரலான பூட்லோடருக்குப் போகும், கதவு திறந்திருக்கும். நல்ல நிரலை ஏற்றிவிட்டு ஜம்பரைத் திரும்பப் போடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் படிகளில் மேலே ஏறுங்கள். பதிவில் 'டார்கெட் வோல்டேஜ்' வரி 3.3 பக்கத்தில் இருக்கிறதா? சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போர்டுக்கு மின்சாரமே இல்லை, அல்லது அந்த அளவுக் கம்பி மாட்டவில்லை. பிரெட்போர்டில் தளர்ந்த கம்பியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுங்கள். மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மணி நேரம் போன பிறகு, கம்பி அறுந்திருந்ததைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

அடாப்டர் வேகம் எவ்வளவு வைக்கிறது?

'அடாப்டர் ஸ்பீட்' கிலோஹெர்ட்ஸில். கோர் கடிகாரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் வை என்பது ஆர்ம் ஜேடேக் காலத்துக் கணக்கு. எஃப்103 எழும்போது 8 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும், ஆக 1000 சுகமான எண். நீண்ட ஜம்பர் கம்பி என்றால் 200, 300-க்கு இறக்கிப் பாருங்கள். இறக்கியதும் பிழை போனால் குற்றவாளி கம்பிதான். '1000 கிடைக்கவில்லை, 950 எடுத்துக்கொள்கிறேன்' என்று எஸ்டி-லிங்க் சொல்வது பிழை அல்ல.

பழைய பாடங்களில் 'அடாப்டர்_கேஹெச்ஜட்' என்று இருக்கும். 2021-இல் வந்த 0.11 பதிப்பிலிருந்து பெயர் மாறிவிட்டது.

ஜிடிபியை எப்படி இணைக்கிறது? ஏழாவது பிரேக்பாயின்ட் வைக்கும்போது மாட்டேங்குதே?

ஜிடிபிக்குள் 'டார்கெட் எக்ஸ்டெண்டட்-ரிமோட் லோக்கல்ஹோஸ்ட்:3333'. அதன் பிறகு ஓப்பன்ஓசிடிக் கட்டளை எதற்கும் முன்னால் 'மானிட்டர்' சேர்த்தால் போய்ச் சேரும்: 'மானிட்டர் ரீசெட் ஹால்ட்', 'லோட்', மறுபடி 'மானிட்டர் ரீசெட் ஹால்ட்', அப்புறம் 'கன்டினியூ'. ஜிடிபி இணைந்திருக்கும்போது டெல்நெட்டில் போய் ரீசெட் கொடுக்காதீர்கள். சில்லு ஓரிடத்தில் இருக்கும், ஜிடிபி வேறோர் இடத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்.

ஃபிளாஷில் ஓடும் நிரலில் நிறுத்தம் (பிரேக்பாயின்ட்) வைக்கச் சில்லுக்குள் ஒப்பீட்டுச் சுற்று வேண்டும். கார்டெக்ஸ்-எம்3-இல் அப்படி 6 இருக்கின்றன. பைக்கோவின் எம்0 பிளஸ்ஸில் 4. தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஜிடிபியின் 'நெக்ஸ்ட்' கட்டளையும் தற்காலிகமாக ஒன்றை எடுத்துக்கொள்ளும், அதனால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரேமில் ஓடும் நிரலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஒரு மாறியை யார் கெடுக்கிறார்கள் என்று தேடும்போது பிரேக்பாயின்ட் விதைத்துக்கொண்டே போகாதீர்கள். 'டபிள்யூபி' கட்டளையில் அந்த முகவரி, நீளம் 4, எழுதுவதற்கு 'டபிள்யூ' எழுத்து என்று கொடுத்தால், யார் எழுதினாலும் கோர் நின்றுவிடும். எம்3-இல் இப்படி 4 வைக்கலாம். இந்தக் கருவியிலேயே எனக்கு மிகப் பிடித்த கட்டளை இது.

பிரேக்பாயின்ட்ல நிக்குது, நான் யோசிக்கிறதுக்குள்ள போர்டு ரீசெட் ஆயிடுது!

காவல்நாய் டைமர், அதாவது நிரல் தொங்கிவிட்டால் சில்லை மறுதொடக்கம் செய்யும் கடிகாரம். நீங்கள் கோரை நிறுத்தினாலும் அது தன் தனிக் கடிகாரத்தில் எண்ணிக்கொண்டே இருக்கும். டீபக் நேரத்தில் அதையும் நிறுத்தச் சொல்லும் பிட்கள் டிபிஜிஎம்சியு பதிவேட்டில் உள்ளன. நம் எஃப்1 சில்லுக் கோப்பு அவற்றை ஏற்கெனவே வைத்துவிடுகிறது. உறக்க நிலையில் டீபக் துண்டிக்கப்படாமல் இருக்கவும் அதே இடத்தில் பிட்கள் வைக்கிறது. எனவே இந்தச் சிக்கல் வந்தால் ஒன்று நீங்கள் வேறு சில்லுக் கோப்பைப் பயன்படுத்துகிறீர்கள், அல்லது போர்டில் தனியாக ஒரு வெளிக் காவல் சில்லு இருக்கிறது. வெளிச்சில்லை ஓப்பன்ஓசிடியால் ஒன்றும் செய்ய முடியாது. சுற்றுப் படத்தைப் பார்த்து, அதை முடக்கும் ஜம்பரைத் தேடுங்கள்.

செமிஹோஸ்டிங்ல பிரின்ட்எஃப் அழகா வருது. டாங்கிளைக் கழட்டினா போர்டே செத்துடுது?

செமிஹோஸ்டிங்கில் ஒவ்வொரு பிரின்ட்எஃப்-க்கும் நிரல் தானே ஒரு நிறுத்த ஆணையை இட்டு, 'டீபக்கர் அண்ணே, இதை அச்சிடுங்க' என்று நிற்கும். கேட்க ஆள் இல்லை என்றால் அது ஹார்ட்ஃபால்ட்டாக மாறும். செயல்விளக்க நாளில், தேர்வாளர் முன்னால், டாங்கிள் இல்லாமல் போர்டை ஏற்றும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அதனால் கொடுக்கும் நிரலில் செமிஹோஸ்டிங்கை எடுத்துவிடுங்கள்.

இருக்கும்போதும் அது மெதுவானது, ஒவ்வொரு முறையும் கோர் நிற்கிறது. வேகம் வேண்டுமென்றால் ஆர்டிடி நல்லது. நிரல் ரேமில் ஒரு வட்டத் தாங்கியில் எழுதும், ஓப்பன்ஓசிடி அதைக் கோரை நிறுத்தாமல் படிக்கும். 'ஆர்டிடி செட்அப்', 'ஆர்டிடி ஸ்டார்ட்', 'ஆர்டிடி சர்வர் ஸ்டார்ட்' மூன்றும் 0.11-இலிருந்து உள்ளன.

பழைய மெஷின் போர்டுல இருந்து ஃபர்ம்வேரை எடுத்து வச்சுக்கலாமா? பூட்டியிருக்குன்னு வருது, அன்லாக் பண்ணட்டுமா?

நிறுத்துங்கள்! 'எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ் அன்லாக் 0' என்ற கட்டளை பூட்டைத் திறக்கும், திறக்கும்போதே முழு ஃபிளாஷையும் அழிக்கும். பூட்டின் நோக்கமே அதுதான், உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்காமல் சில்லை மட்டும் திருப்பித் தருவது. அந்த இயந்திரம் அதன்பின் ஓடாது. பூட்டாத போர்டாக இருந்தால் 'டம்ப்_இமேஜ்' கொடுத்து 08000000-இலிருந்து தேவையான நீளம் எடுத்துக்கொள்ளலாம். அதையும் போர்டு யாருடையதோ அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் சொந்தப் போர்டில் பூட்டிப் பழகுவதென்றால் எஸ்டிஎம்32எஃப்4 வகையில் இரண்டாம் நிலைப் பூட்டைத் தொடவே தொடாதீர்கள். அதற்குத் திறவுகோல் கிடையாது, டீபக் நிரந்தரமாகப் போய்விடும்.

ஒரே லேப்டாப்ல ரெண்டு போர்டு. ரெண்டையும் ஒரே நேரத்துல டீபக் பண்ணணும்.

இரண்டு ஓப்பன்ஓசிடி ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'அடாப்டர் சீரியல்' கொடுத்து எந்த டாங்கிள் என்று சொல்லுங்கள். இரண்டாவதற்கு ஜிடிபி, டெல்நெட், டிசிஎல் மூன்று போர்ட் எண்களையும் மாற்றுங்கள். மூன்றில் ஒன்றை மறந்தால் மேலே சொன்ன 'முகவரி பயன்பாட்டில்' பிழைதான். பைக்கோ டாங்கிளுக்குத் தனித்தனி வரிசை எண் இருக்கும். சில நகல் எஸ்டி-லிங்குகள் எல்லாம் ஒரே எண்ணோடு வரும். அப்படியானால் ஒன்றை மாற்றுவதைத் தவிர எளிய வழி இல்லை.

நான் டபிள்யூஎஸ்எல்ல வேலை பார்க்கிறேன். டாங்கிளே தெரியல.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-க்கு, விண்டோஸில் செருகிய யுஎஸ்பி தானாகத் தெரியாது. யுஎஸ்பிஐபிடி-வின் என்ற கருவியால் அதை உள்ளே அனுப்பலாம். அல்லது ஓப்பன்ஓசிடியை விண்டோஸிலேயே ஓட்டி, ஜிடிபியை மட்டும் உள்ளிருந்து விண்டோஸின் ஐபி முகவரிக்கு இணைக்கலாம். இரண்டாவது வழிக்கு 'பைண்ட்டு' கட்டளை வேண்டும். இயல்பாக ஓப்பன்ஓசிடி அதே கணினிக்குள் வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும்.

'பைண்ட்டு 0.0.0.0' என்று எல்லாருக்கும் திறந்துவிடும் வரியைத்தான் பாடங்களில் பார்ப்பீர்கள். கல்லூரி வைஃபையிலோ காப்பிக் கடையிலோ அதைச் செய்யாதீர்கள். கடவுச்சொல் எதுவும் இல்லை. வந்தவர் உங்கள் போர்டை மட்டுமல்ல, டிசிஎல் வழியாக உங்கள் கணினியிலும் கட்டளை ஓட்ட முடியும்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ல அஞ்சு டாஸ்க் ஓடுது, ஜிடிபியில ஒண்ணுதான் தெரியுது.

ஃப்ரீஆர்டிஓஎஸ் என்பது ஒரே சில்லில் பல வேலைகளை (டாஸ்க்) மாற்றி மாற்றி ஓட்டும் சின்ன இயங்குதளம். அவை ஜிடிபிக்குத் தெரிய, சில்லுக் கோப்புக்குப் பின்னால் டார்கெட்டுக்கு 'கான்ஃபிகர் -ஆர்டிஓஎஸ் ஆட்டோ' கொடுங்கள். அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால், ஓப்பன்ஓசிடி தேடும் 'யுஎக்ஸ்டாப்யூஸ்ட்பிரயாரிட்டி' என்ற குறியீடு உங்கள் எல்ஃபில் இல்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் அதை ஒரு கட்டத்தில் நீக்கியது, புதிய பதிப்புகளில் மறுபடி சேர்த்திருக்கிறது. ஓப்பன்ஓசிடியின் கான்ட்ரிப் கோப்புறையில் ஆர்டிஓஎஸ் துணைக்கோப்பு ஒன்று இருக்கிறது, உங்களிடம் இருப்பது அது நீக்கப்பட்ட பதிப்பு என்றால் அந்தக் கோப்பை உங்கள் திட்டத்தோடு சேர்த்துத் தொகுங்கள். தொகுத்த துண்டுகளை இணைக்கும் லிங்கர் 'யாரும் பயன்படுத்தவில்லையே' என்று அந்தக் குறியீட்டை வெட்டிவிடலாம். வெட்டாமலிருக்க அந்தக் குறியீட்டின் பெயரை 'அன்டிஃபைன்ட்' தேர்வோடு லிங்கருக்குக் கொடுங்கள்.

எல்லாம் பார்த்துட்டேன்க்கா, ஓடல. உங்களுக்கு என்ன அனுப்பணும்?

'-டி3' சேர்த்து ஓட்டி, 'லாக்_அவுட்புட்' கொடுத்துப் பதிவை ஒரு கோப்பில் எடுத்து அனுப்புங்கள். கூடவே நீங்கள் தட்டிய முழுக் கட்டளை வரி, ஓப்பன்ஓசிடிப் பதிப்பு எண், கம்பிகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம். திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படம் எடுத்து, அதிலும் கடைசி வரியை மட்டும் அனுப்பாதீர்கள். கடைசி வரி பெரும்பாலும் புலம்பல்தான், எந்தப் படியில் நின்றது என்பது அதற்கு இருபது வரி மேலே இருக்கும்.